பெண் கொடுத்தவரும் மருந்து கொடுத்தவரும்

இங்கிலாந்து என்று ஒரு நாடு உருவாவதற்கு முன்னால் அதன் தெற்கில் வெசெக்ஸ் என்ற அரசு இருந்தது. கி.பி. 688 முதல் 726 வரை அதை ஆண்ட இனே மன்னன் ஒரு சட்டத் தொகுப்பை விட்டுச் சென்றான். பின்னால் வந்த ஆல்ஃபிரட் மன்னன் தன் சட்டங்களோடு அதையும் பின்னிணைப்பாகச் சேர்த்ததால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் 31ஆம் விதி கல்யாணம் நின்றுபோவதைப் பற்றியது. ஒருவன் பணம் கொடுத்துப் பெண் பேசி முடித்த பிறகு கல்யாணம் நடக்காமல் போனால், பெண் வீட்டார் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்குச் சமமான தொகையை மேலும் கட்ட வேண்டும். நடுவில் நின்று பிணை சொன்னவருக்கு, அவர் வாக்குப் பொய்த்துப் போனதற்காகத் தனியே ஈடு தர வேண்டும். ‘கல்யாணம் நடக்காமல் போனால்’ என்ற இடத்தில் மூலத்தில் நிற்கும் சொல் ‘யிஃப்ட்’. பெண்ணை ஒப்படைப்பது என்று பொருள். இன்று வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுக்கும் பொட்டலத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் ‘கிஃப்ட்’ அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அந்தக் குடும்பம் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு தொழிலுக்குப் போய்விட்டது. லண்டனில் அது அன்பளிப்பு. பெர்லினில் நஞ்சு, அன்பளிப்பின் சாயல்கூட இல்லை. ஸ்டாக்ஹோமில் ஓர் ஆளைக் குறித்துச் சொன்னால் ‘திருமணமானவர்’, புட்டியின் மேல் எழுதி ஒட்டினால் நஞ்சு. கோபன்ஹேகனிலும் ஓஸ்லோவிலும் அதே இரட்டைப் பொருள். ஆம்ஸ்டர்டாமில் நன்கொடை. கடைசி ‘ட்’ உதிர்ந்தால் அங்கேயும் நஞ்சு. ஐஸ்லாந்தில் ‘கிஃப்ட்’ என்றால் மணமான பெண். ஆணைச் சொல்ல ‘கிஃப்துர்’. நஞ்சுக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது.

இத்தகைய சொற்களுக்கு ‘போலி நண்பர்கள்’ என்று பெயர். 1928இல் கெஸ்லர், தெரோக்கினி என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் இடறிவிடும் சொற்களைத் தொகுத்துப் போட்ட நூலின் தலைப்பிலிருந்து அந்தப் பெயர் பரவியது. மொழிப் பாடநூல்கள் இன்றும் அப்படிப் பட்டியல் போடுகின்றன, எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரே சொல் ஏன் இப்படிப் பிரிந்தது என்று கேட்கப் போனால், மொழியை விட்டுக் கல்யாணச் சட்டத்துக்கும் மருந்துக்கடைக்கும் துறைமுகத்துக்கும் போக வேண்டியிருக்கிறது. என் கணிப்பில் அங்கேதான் விடையும் இருக்கிறது.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதும் இல்லை. ஜெர்மானிய மொழிகள் அனைத்துக்கும் தாயான மூலமொழியில் ‘கெப்’ என்ற வேர் கொடுத்தலைக் குறித்தது. அதோடு ‘தி’ என்ற விகுதி சேர்ந்தால் பெயர்ச்சொல். கொடு என்பதிலிருந்து கொடை வருவது போல. ‘த’கரத்துக்கு முன்னால் நின்ற உதட்டொலி ‘ஃப்’ ஆகிவிடும் என்பது அந்த மொழிகளின் பழைய விதி. ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ ‘டிரிஃப்ட்’ ஆவதும், ‘த்ரைவ்’ ‘த்ரிஃப்ட்’ ஆவதும், ஜெர்மனில் எழுதுவதைக் குறிக்கும் ‘ஷ்ரைபன்’ எழுத்தைக் குறிக்கும் ‘ஷ்ரிஃப்ட்’ ஆவதும் அதே அச்சில் வார்த்தவை. ஆக, கிஃப்ட் என்றால் கொடுத்தல். எதை, யார், யாருக்கு என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு ஊரும் தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டது.

பழைய ஆங்கிலத்தில் நிரப்பியவர் பெண்ணின் தகப்பன். ஒருமையில் அந்தச் சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் தொகையையும், பன்மையில் கல்யாணத்தையும் குறித்தது. சாதாரண அன்பளிப்புக்கு அவர்கள் வேறு வடிவங்களை வைத்திருந்தார்கள். அப்படியானால் இன்றைய ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? கடல் தாண்டி வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகள் குடியேறி உழத் தொடங்கினார்கள். அவர்களுடைய நார்ஸ் மொழியும் உள்ளூர் ஆங்கிலமும் அக்காள் தங்கை மொழிகள். அக்கம்பக்கத்தார் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஓரளவு பேசிக்கொள்ள முடிந்திருக்கும். ஆங்கிலத்தில் ‘இ’ ஒலிக்கு முன்னால் வந்த பழைய ககரம் ஏற்கெனவே யகரமாகக் குழைந்திருந்தது. நார்ஸ் மொழியில் அது வல்லொலியாகவே இருந்தது. வடக்கத்தி உச்சரிப்பு மெல்லத் தெற்கே இறங்கியது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில்கூட லண்டன்காரரான கவிஞர் சாசர் ‘யிஃப்ட்’ என்றே எழுதினார். இந்த இழுபறி எவ்வளவு நீண்டது என்பதற்கு, அச்சுக்கலையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த காக்ஸ்டன் 1490இல் ஒரு நூலின் முன்னுரையில் சொன்ன முட்டைக் கதை நல்ல சான்று. தேம்ஸ் முகத்துவாரத்தில் காற்றில்லாமல் நின்ற வணிகர்களில் ஒருவர் கரையேறி, ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ கேட்டார். தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் அந்த அம்மாள். தனக்கும் தெரியாதே என்று வணிகர் கோபப்பட்டார். ‘எய்ரென்’ வேண்டுமாம் என்று இன்னொருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. முன்னது நார்ஸ் வழி வந்த சொல், பின்னது பழைய ஆங்கிலத்தின் வழித்தோன்றல். முட்டையில் வென்ற அதே வல்லொலி கிஃப்ட்டிலும் வென்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்துக்கு வன்மையான ககரத்தைக் கடன் கொடுத்த ஸ்காண்டிநேவியர்களிலேயே ஸ்வீடன்காரரும் நார்வேக்காரரும் பிற்காலத்தில் அதைக் குழைத்துவிட்டார்கள். எழுத்தில் ‘கிஃப்ட்’ என்றே இருந்தாலும் அவர்கள் வாயில் அது ‘யிஃப்ட்’. இனே மன்னன் காலத்து ஆங்கில உச்சரிப்பு இன்று ஸ்டாக்ஹோமில் கேட்கிறது. வைக்கிங் உச்சரிப்பு லண்டனில்.

இனி ஸ்காண்டிநேவியா. அங்கே அந்தச் சொல் கல்யாணத்தை விட்டு நகரவே இல்லை. பழைய நார்ஸ் மொழியில் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கான வினை ‘கிப்தா’. இந்த வினை நடப்பது பெண்ணுக்கு. செய்பவர் தகப்பனோ அண்ணனோ. ஆண் கல்யாணம் செய்துகொள்வதற்கு வேறு வினை இருந்தது. மனைவியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த ‘க்வைனஸ்த்’ என்ற அந்த வினை ஐஸ்லாந்தில் இன்னும் வழக்கில் உண்டு. பெண் கொடுக்கப்படுகிறாள், ஆண் மனைவியை அடைகிறான். ‘மணமான’ என்ற பொருளில் இன்று ஸ்வீடன்காரர் சொல்லும் ‘கிஃப்ட்’ இலக்கணப்படி ஒரு செயப்பாட்டு எச்சம்: கொடுக்கப்பட்டவள். இப்போது அது ஆணுக்கும் பொருந்துகிறது. கொடுக்கப்பட்ட மாப்பிள்ளை என்று யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் உள்ளே இருக்கும் கொடுத்தல் யார் காதிலும் விழுவதில்லை.

சட்டத்தின் காதில் மட்டும் நெடுங்காலம் விழுந்துகொண்டிருந்தது. ஸ்வீடனின் 1734ஆம் ஆண்டுப் பெருஞ்சட்டம் ஒன்பது பகுதிகள் கொண்டது. அதன் முதற்பகுதிக்கே ‘கிஃப்தர்மோல்ஸ் பால்க்’ என்று பெயர், அதாவது மணச் சட்டம். அதில் ‘கிஃப்தூமன்’ என்றொரு ஆள் வருவார். பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமையுள்ளவர் அவர். முதலில் தகப்பன், அவர் இல்லாவிட்டால் சட்டம் சொல்லும் வரிசைப்படி உறவினர். பெண்ணை மணக்க அவர் ஒப்புதல் வேண்டும். வயது வந்த பெண் யாருடைய அனுமதியும் கேளாமல் மணக்கலாம் என்ற நிலை 1872இல்தான் வந்தது. 1920இல் இயற்றிய புதிய மணச் சட்டம் மனைவியைக் கணவனின் பொறுப்பிலிருந்து விடுவித்து முழு உரிமையுள்ள ஆளாக்கியது. 1987இல் வந்த இன்றைய சட்டம் தலைப்பிலிருந்து ‘கிஃப்த’ என்ற பகுதியையே எடுத்துவிட்டு வேறு சொல்லை வைத்தது. ஆனாலும் விவாகரத்தில் பங்கு பிரிக்க வேண்டிய சொத்துக்கு அந்தச் சட்டத்துக்குள்ளேயே ‘கிஃப்தூரெத்’ என்று தொடங்கும் பழைய பெயர்தான் நீடிக்கிறது. பெண்ணைக் கொடுத்த தகப்பன் போய்விட்டார், சொத்து வழக்கில் அவர் நிழல் நிற்கிறது.

ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்ட்ரிண்ட்பெரி 1884இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்புக்கு ‘யிஃப்தாஸ்’, அதாவது ‘மணமுடித்தல்’, என்று பெயர். கணவன் மனைவி உறவை அவர் அதில் பிய்த்து வைத்தார். வழக்கு வந்ததோ மத நிந்தனைக்காக. திருவிருந்துச் சடங்கைப் பற்றிய சில வரிகளே காரணம். ஜெனீவாவிலிருந்து ஸ்டாக்ஹோம் வந்து வழக்கைச் சந்தித்தார். அந்த ஆண்டே விடுதலையானார். தலைப்பில் மணத்தோடு நஞ்சும் கேட்கிறதே என்று ஸ்வீடிஷ் தெரிந்த யாருக்கும் தோன்றும். அவர் மனத்தில் அது இருந்ததா என்பது வேறு கேள்வி. கல்யாணமும் விஷமும் ஒரே சொல் என்ற சிலேடை ஸ்காண்டிநேவியாவில் மிகவும் தேய்ந்த நாணயம்.

ஆனால் அந்த இரண்டு சொற்களும் ஒரே பாதையில் வந்தவை அல்ல. மணத்தைக் குறிப்பது வீட்டில் பிறந்த பிள்ளை. நஞ்சைக் குறிப்பது கப்பலில் வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதல் லூபெக் நகரைத் தலைமையாகக் கொண்ட ஹான்சா வணிகக் கூட்டமைப்பு பால்டிக் கடல் வாணிகத்தைக் கையில் வைத்திருந்தது. வணிகர்கள் பேசியது வடஜெர்மனியின் தாழ்நில ஜெர்மன். நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் அவர்களுக்குத் தனிக் குடியிருப்பே இருந்தது. ஸ்டாக்ஹோம் நகர மன்றத்தில் பாதிக்கு மேல் ஜெர்மானியர் இருக்கக் கூடாது என்று பதினான்காம் நூற்றாண்டு நகரச் சட்டம் கட்டுப்பாடு விதித்ததிலிருந்தே அவர்கள் செல்வாக்கை ஊகிக்கலாம். அந்தப் பாதி இடமும் 1471இல்தான் பறிபோனது. பணம் கட்டுவதற்கும் தையற்காரருக்கும் ஜன்னலுக்கும், ஏன், ‘மொழி’ என்பதற்குமே ஸ்வீடிஷ் இன்று பயன்படுத்தும் சொற்கள் அந்த வணிகர்கள் இறக்கிவிட்டவை. அதே சரக்கோடு நஞ்சைக் குறிக்கும் ‘கிஃப்ட்’டும் இறங்கியது. ஏற்கெனவே அதே வடிவத்தில் ஒரு சொல் இருக்கிறதே என்று யாரும் தடுக்கவில்லை. ஒன்று பெயர்ச்சொல், ஒன்று பெயரடை. வாக்கியத்தில் இரண்டும் மோதிக்கொள்வது அரிது.

அப்படியானால் ஜெர்மனில் அது எப்படி நஞ்சாயிற்று? இங்கேதான் மருந்து கொடுத்தவர் வருகிறார்.

கொடுத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘தோசிஸ்’. கிரேக்க மருத்துவர்கள் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தளவை அப்படிச் சொன்னார்கள். பிற்கால லத்தீன் மருத்துவ நூல்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் ‘டோஸ்’ என்று நாம் சொல்வது அதுதான். லத்தீன் படித்த ஜெர்மானியர்கள் அதைத் தங்கள் மொழியில் சொல்ல நேர்ந்தபோது, கொடுத்தலுக்குக் கொடுத்தல் என்று ‘கிஃப்ட்’டை வைத்தார்கள். கொடுத்த மருந்து, கொடுக்கக் கூடாத மருந்து, கொல்லும் மருந்து என்று பொருள் படிப்படியாக இறங்கியது. பழைய உயர் ஜெர்மனில் கொடை, நஞ்சு இரண்டு பொருளுமே காணக் கிடைக்கின்றன. பிறகு பால் வேறுபாடு அவற்றைப் பிரித்து வைத்தது. கொடைப் பொருளில் அது பெண்பால். நஞ்சு இன்று அஃறிணைப் பால். பதினெட்டாம் நூற்றாண்டில்கூட நஞ்சை ஆண்பாலாக எழுதியவர்கள் உண்டு. பெண்பால் வடிவம் தனித்து வாழவில்லை. ‘மிட்கிஃப்ட்’ என்ற கூட்டுச்சொல்லில் மட்டும் தப்பித்தது. மிட்கிஃப்ட் என்றால் சீதனம். தகப்பன் அங்கேயும் ஓர் ஓரத்தில் நிற்கத்தான் செய்கிறார்.

பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவரின் ஒரு வாதம் இந்தக் கதைக்கு அழகாகப் பொருந்துகிறது. நஞ்சுகளை மருந்தென்று கொடுக்கிறான் என்று எதிரிகள் அவர்மேல் பழி சொன்னார்கள். 1538இல் காரிந்தியாவின் ஆட்சி மன்றத்தாருக்கு எழுதிய தற்காப்புக் கட்டுரைகளில் அவர் அதற்குப் பதில் சொன்னார்: நஞ்சில்லாத பொருள் உலகில் எது? அளவு ஒன்றுதான் நஞ்சையும் நஞ்சல்லாததையும் பிரிக்கிறது. நச்சியல் பாடநூல்கள் இன்றும் இதை முதல் பக்கத்தில் வைக்கின்றன. அவர் அதை லத்தீனில் எழுதாமல் ஜெர்மனில் எழுதினார். அளவுக்கு ‘தோசிஸ்’, நஞ்சுக்கு ‘கிஃப்ட்’. ஒன்று கிரேக்க மூலம், மற்றது அதன் ஜெர்மன் பெயர்ப்பு. பிறப்பில் ஒரே பொருள் கொண்டிருந்த இரண்டு சொற்களைக் கொண்டே நஞ்சு வேறு அளவு வேறு என்று அவர் வாதாடினார். தெரிந்து செய்திருக்க வாய்ப்பில்லை. சொற்கள் அதற்குள் அவ்வளவு விலகியிருந்தன.

பிறகு ஜெர்மனில் அந்தச் சொல் தாராளமாகக் கிளைத்தது. மருந்துக்கடையில் பூட்டி வைக்கும் நச்சு அலமாரிக்குக் ‘கிஃப்ட்ஷ்ராங்க்’ என்று பெயர். நூலகங்களில் பொதுவாசகர் கண்ணில் படாமல் வைக்கும் தடை செய்த நூல்களின் அறைக்கும் அதே பெயர். ஆஸ்திரியாவில் ‘கிஃப்டன்’ என்ற வினைக்கு எரிச்சல்படுதல் என்று பொருள்.

இந்த மருந்துக்கடை விளக்கத்தை ஏற்காத பெரிய மனிதர் ஒருவர் உண்டு. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்சல் மோஸ், ஜெர்மானிய இலக்கிய அறிஞர் ஷார்ல் ஆந்த்லேருக்கு 1924இல் ஸ்ட்ராஸ்பூரில் வெளியான பாராட்டு மலரில் ‘கிஃப்ட், கிஃப்ட்’ என்ற தலைப்பில் சில பக்கங்கள் எழுதினார். பழைய ஜெர்மானியரிடையே கொடைக்கு இலக்கணமாக இருந்தது விருந்தில் கொடுக்கும் பானம். அதில் அன்பும் இருக்கலாம், விஷமும் இருக்கலாம், வாங்குபவருக்குத் தெரியாது. கொடை என்றாலே கட்டுப்படுத்துவது, ஆபத்தானது. அந்த அச்சம்தான் சொல்லில் உறைந்திருக்கிறது என்பது அவர் வாதம். அடுத்து வந்த அவருடைய புகழ்பெற்ற ‘கொடை’ ஆய்வில் ஓர் அடிக்குறிப்பில் தோசிஸ் விளக்கத்தையும் எடுத்துப் பேசினார். மக்கள் அன்றாடம் புழங்கும் பொருளுக்குப் படித்தவர்களின் சொல் எப்படிப் பெயராகும், அது வழக்கமில்லையே என்று ஐயப்பட்டார். அந்த அடிக்குறிப்பை 1968இல் பிரெஞ்சுத் தத்துவவாதி தெரிதா பிளேட்டோவைப் பற்றிய தன் கட்டுரையில் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து ‘கொடைக்குள் நஞ்சு’ என்பது தத்துவக் கூட்டங்களின் விருப்பப் பண்டமாகிவிட்டது.

கொடை பற்றி மோஸ் சொன்னது பலவும் உண்மை. இந்தச் சொல்லுக்கு அது பொருந்தவில்லை என்பதே என் கருத்து. நஞ்சின் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் போதும். பிரெஞ்சில் ‘புவாசோன்’, ஆங்கிலத்தில் ‘பாய்சன்’: லத்தீனில் பானம், மருந்துக் கஷாயம் என்று பொருள்படும் ‘போதியோ’விலிருந்து வந்தவை. ‘வெனோம்’ என்பதன் மூலமான லத்தீன் ‘வெனேனும்’ முதலில் காதல் மருந்தைக் குறித்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ரோமானியச் சட்ட அறிஞர் கையுஸ், ‘வெனேனும்’ என்று சொல்பவர் நல்லதா கெட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்தும் அதுவே என்று எழுதிவைத்தார். மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே குறித்த கிரேக்க ‘ஃபார்மகான்’ கதை எல்லாரும் அறிந்தது. இத்தனை மொழிகளிலும் விருந்தில் ஏமாந்த விருந்தாளி யாரும் இல்லை, மருந்துக்காரர் இருக்கிறார். விஷத்தை விஷம் என்று சொல்ல மக்கள் கூசுகிறார்கள், மருந்தென்று சொல்லிவிட்டுக் கடக்கிறார்கள். ‘மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று ஊரில் ஒருவர் சொன்னால் நாம் அவன் நோயைப் பற்றியா விசாரிக்கிறோம்? படித்தவர் சொல் தெருவுக்கு இறங்காது என்ற மோஸின் ஐயத்துக்கும் இதுவே பதில். மருத்துவர் சொல்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தெருவுக்கு இறங்கும்.

கொடை முழுக்க மறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஸ்வீடிஷில் ‘கிஃப்ட்’ தனியாக நின்றால் மணமோ நஞ்சோதான். முன்னால் ஓர் ஒட்டு வந்தால் இரண்டுமே காணாமல் போகும். ‘ஆவ்’ சேர்ந்தால் கட்டணம், ‘ஊத்’ சேர்ந்தால் செலவு, ‘உப்’ சேர்ந்தால் செய்ய வேண்டிய வேலை அல்லது தரவேண்டிய தகவல். டேனிஷில் கட்டணச் சொல்லின் உறவுக்கு அரசு வசூலிக்கும் தீர்வை என்றும் பொருள். கொடுப்பதுதான், ஆனால் மனமுவந்து அல்ல.

நெதர்லாந்துக்காரர்கள் இந்தச் சிக்கலை எழுத்துக்கூட்டிலேயே தீர்த்துக்கொண்டார்கள். ‘கிஃப்ட்’ நன்கொடைக்கு, ‘கிஃப்’ நஞ்சுக்கு. அவர்கள் வாயில் அந்த ககரம் தொண்டையில் உரசி ஹகரமாகவே வரும். வருமான வரிப் படிவத்தில் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்ததைக் கழித்துக் காட்டும் இடத்தில் முதல் சொல் வருகிறது. ஆனால் ‘நஞ்சுள்ள’ என்பதற்கு ‘கிஃப்டிக்’ என்று சொல்லும்போது போன ‘ட்’ திரும்பி வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிகான்ஸ் மொழி நஞ்சைக் ‘கிஃப்’ என்று வைத்துக்கொண்டு, அன்பளிப்புக்கு வேறு சொல் பார்த்துக்கொண்டது.

புதிய சொல் வந்தபோது நஞ்சின் பழைய பெயர் என்னவாயிற்று? ஜெர்மானிய மொழிகளின் பொதுச் சொத்தாக ஒன்று இருந்தது: பழைய ஆங்கிலத்தில் ‘ஆட்டர்’, பழைய உயர் ஜெர்மனில் ‘ஐத்தர்’. ஆங்கிலத்தில் பிரெஞ்சுப் ‘பாய்சன்’ வந்து அதைத் தள்ளியது. ஜெர்மனில் கிஃப்ட் வந்து தள்ளியதும் அது புண்ணில் வடியும் சீழுக்குப் பெயராகச் சுருங்கிப்போனது. டச்சிலும் அது சீழ்தான். டேனிஷில் சிலந்தியின் பெயருக்குள் ஒளிந்துகொண்டது: ‘எதர்கொப்’, அதன் முதற்பாதி நஞ்சு. ஐஸ்லாந்திலோ ‘ஐதுர்’ என்ற வடிவில் நஞ்சுக்கு நஞ்சாகவே அரசாள்கிறது. ஹான்சா வணிகர்களின் சொற்கள் அந்தத் தீவின் கரையை அவ்வளவாகத் தொடவில்லை. தொட்ட சிலவற்றையும் பிற்காலத் தூய்மை இயக்கம் களைந்தது. டேனிஷ் அங்கே பள்ளியில் கட்டாயப் பாடம். தன் அக்காள் ‘கிஃப்ட்’ என்று இயல்பாகச் சொல்லி வளர்ந்த ஐஸ்லாந்துப் பிள்ளை, அந்தச் சொல்லை விஷமாகச் சந்திப்பது அந்த வகுப்பில்தான். தன் வீட்டு ‘ஐதுர்’ சிலந்திக்குள் உட்கார்ந்திருப்பதும் அதே பாடத்தில் வரும். அதை மட்டும் ஆசிரியர் எடுத்துச் சொன்னால் ஒழியத் தெரியாது.